துடைத்த கோடுகள்

மதியம் ஒன்று பத்துக்குத் திரையில் மூன்று கோடுகள் விழுந்தன. சூரியன் வெடிக்கும்போது வருவது இப்படி இருக்காது. அது மேலிருந்து சரிந்து நீளமாக இழுத்துக்கொண்டு வரும். இவை குட்டையாக, நேராக நின்றன. யாரோ வாக்கி டாக்கியை அமுக்கினால் விழும் கோடுகள்.

இன்பராணி திரையருகே குனிந்தாள். கோத்தா திங்கி ஊரையொட்டிய செம்பனைக் காட்டுக்குள், சூரியனின் அலைகளைப் பதியும் இந்த ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் கைப்பேசிகூட வாசலிலேயே பிஸ்கட் டின்னுக்குள் போய்விடும். பதிவு கெட்டுவிடுமாம். ஆண்டெனா பக்கம் போகிறவருக்கு ஒன்று, திரை பார்க்கும் அவளுக்கு ஒன்று என இரண்டே வாக்கி. போன வியாழன், பெரிய வெடிப்பு நேரத்தில், இதே கோடுகள்தான் வந்தன. "இந்த மனுசனுக்கு வேற வேல இல்லயா லா" என்று எரிந்து விழுந்து, தன் வாக்கியின் சத்தத்தை அடைத்துவிட்டு, பதிவிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான், ஆண்டெனா அடியில், அதைப் பராமரிக்கும் வீரமுத்து அண்ணன் நெஞ்சைப் பிடித்தபடி செத்துக் கிடப்பது தெரிந்தது.

பதிவு படு சுத்தம் என்று மேலதிகாரி பாராட்டினார். சீ! இனி வாக்கியே வேண்டாம் என்றும் சொன்னார். அண்ணனின் மனைவி சந்திரமதி ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அவரு கூப்பிடவே இல்லயாம்மா?"

"இல்லக்கா."

பொய் சொன்ன அந்த வாய் அழுகிப்போகட்டும் என்று அன்றிலிருந்து தன்னையே சபித்துக்கொள்கிறாள்.

அண்ணனுக்குப் பதிலாக வந்த டாரில், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், இப்போதுதான் வாக்கி இல்லாமல் வெளியே போனான். "கேபிள இறுக்கிட்டு வந்துடுறேன்க்கா. நான் வராம சாப்பிட்டுடாதீங்க!"

மறுபடி மூன்று கோடுகள். இழுப்பறையைத் திறந்தாள். அண்ணனின் வாக்கியும் தன்னுடையதும் பேட்டரி கழற்றியபடி கிடந்தன. ஏர்கான் உறுமலுக்கு அடியில், கதவிடுக்கு வழியாகக் கசிந்த அழுகிய செம்பனைப் பழ வாடையோடு, அண்ணன் போடும் தைல வாசமும் வந்தது.

கோடு. கோடு. கோடு.

"விட்டுடுங்கண்ணே. தெரியாம செஞ்சிட்டேன்."

துடைத்தாள். விழுந்தது. துடைத்தாள். இன்னும் நெருக்கமாக. இன்னும் அவசரமாக. ஜன்னல் பக்கம் பார்க்கப் பயம். கால் மணி நேரம்.

பிறகு பார்த்தாள்.

ஆண்டெனா அடியில் டாரில் குப்புறக் கிடந்தான். அசைவில்லை. பக்கத்தில் வீரமுத்து அண்ணன் குந்தியிருந்தார். ஒரு கை டாரிலின் முதுகில். இன்னொரு கை வெறுங்கை. அதை வாயருகே வைத்து, அவளையே பார்த்தபடி, வாக்கியின் பொத்தானை அமுக்குவதுபோல் கட்டைவிரலை அமுக்கினார்.

திரையில் ஒரு கோடு விழுந்தது.