ரொம்ப மீன் வாசனை

கதவு தட்டப்பட்டது. சிட்டு பென்சிலைக் கீழே வைத்தாள். அம்மா இன்னும் ஓட்டல் வேலையிலிருந்து வரவில்லை. வீட்டில் அவளும் தம்பி வாலுவும்தான்.

"யாரு?"

"கரண்ட் ஆபீஸ் பாப்பா. உங்க மீட்டர்ல கோளாறு. கதவைத் திற."

மீட்டர் எல்லாம் கீழே மாடிப்படி அடியில் அல்லவா இருக்கிறது?  சிட்டு கதவுத் துளை வழியே பார்த்தாள். அந்த ஆள் கையில் கருவி ஒன்றுமில்லை. பெரிய காலிப் பை மட்டும்தான்.

"அம்மா இல்லையா பாப்பா?" குரலில் தேன் சொட்டியது.

"மொட்டைமாடியில இருக்காங்க. போன்ல கூப்பிடறேன்."

மெல்லிய கதவு. என்ன பேசினாலும் அவனுக்குக் கேட்கும். எப்படிச் சொல்வது? ஓட்டலுக்கு வரும் வெளிநாட்டு விருந்தாளிகளிடம் கற்ற ஆங்கிலச் சொற்களை அம்மா வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். சோளத்திலிருந்து வந்த 'கார்னி' என்றால் அறுவை ஜோக். பாலாடைக்கட்டியிலிருந்து வந்த 'சீஸி' என்றால் அசட்டுத்தனம். மீனிலிருந்து வந்த 'ஃபிஷி' என்றால்…

"அம்மா, கரண்ட் ஆபீஸ்காரர் வந்திருக்கார். இங்க ரொம்ப மீன் வாசனை வருதும்மா!"

"எங்கக்கா மீனு? எனக்கு ஒண்ணும் வரலையே!" என்றான் வாலு. சிட்டு அவன் வாயைப் பொத்தினாள்.



"ஃபிஷியா? ஆள் மேல சந்தேகமா?" போனில் அம்மாவின் குரல் மாறியது. "தாழ்ப்பாள் போட்டிருக்கா?"

"ம்."

"திறக்காதே கண்ணு. கீழ்வீட்டு டிரைவர் மாமாவுக்கு போன் பண்ணி அனுப்பறேன்."

கைப்பிடி திருகப்பட்டது. ஒருமுறை. மறுமுறை, பலமாக. தேன்குரல் காணாமல் போயிருந்தது. "ஏய், திற!"

 சிட்டு ஒரு கையால் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேசையைக் கதவோடு நெருக்கித் தள்ளினாள்.

தடதடவென்று படியில் காலடிச் சத்தம்.

"யாருய்யா நீ? மீட்டர் கீழே இருக்கு, மேலே என்ன வேலை?" லாரி ஹாரன் போல ஒலித்தது மாமாவின் குரல். பிறகு ஓட்டம், "பிடி! பிடி!" என்ற கூச்சல், தெருமுனையில் பலர் சேர்ந்து அவனை அமுக்கிய சத்தம்.

அம்மா மூச்சிரைக்க ஓடிவந்த பிறகுதான் சிட்டுவுக்கு அழுகை வந்தது.

"பயந்துட்டியாடி?"

"ரொம்ப."

"நானும்தான்."

அன்று மூவரும் ஒரே கட்டிலில் படுத்தார்கள். யாருக்கும் இடம் போதவில்லை. யாரும் எழுந்தும் போகவில்லை.