வானமில்லாத வானொலி

கூப்பிடுவதற்கு முன்னால் அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டது. சின்னதாக இரண்டு செருமல், நடுவில் ஒரு மூச்சு. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரிலிருந்து அதைக் கேட்டதும், துணி மடித்துக்கொண்டிருந்த அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அவள் கணவர் இப்படித்தான் செருமுவார். ஆனால் அவரோ அவள் பக்கத்திலேயே சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனதிலிருந்து அவர் வாயில் ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தால் ரேடியோதான் கதி. மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, ஊர் பேர் தெரியாதவர்களோடு கதையளந்துகொண்டிருப்பார். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று குடியிருப்போர் சங்கம் ஆன்டெனாவைக் கழற்ற வைத்தபோது, இன்டர்நெட்டில் ஓடும் போலி ரேடியோ ஒன்று இருக்கிறதென்று நண்பர்கள் சொன்னார்கள். பரீட்சை வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், கம்பி வேண்டாம். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "வானமே இல்லாம என்னடி வானொலி? பொம்மைத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு வேட்டைக்குப் போறதா?" என்று சிரித்தார். அந்த வாரமே விழுந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை அழைத்து வந்த பிறகு, கண்ணாடிக் கடை வேலை முடிந்து திரும்பியதும் அவருக்காக அவள்தான் அந்த இன்டர்நெட் ரேடியோவைப் போட்டுவிடுவாள். திரையில் நிஜம் போலவே ஒரு டயல். அதை மவுஸால் நகர்த்தினால் வாத்து கத்துவது போலக் கேட்கும் சத்தம் மெல்ல மெல்லத் திரண்டு மனிதக் குரலாகும். பின்னால் ஓயாத இரைச்சல், அலை போலப் பொங்குவதும் வடிவதுமாக. எல்லாம் கம்ப்யூட்டர் செய்து தருவதுதான். அவரும் இடது காலால் தாளம் போட்டபடி கேட்பார். அவளும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவாள், 'குருவி' என்ற பெயரில். அவர் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்.

இன்றைக்கு வந்த குரல் ஒரே ஒருமுறை அழைத்துவிட்டு இரைச்சலில் அமிழ்ந்துபோனது. அலைவரிசையில் அவர்களுக்குப் பழக்கமான பல் டாக்டர் இருந்தார். எங்கோ தூரதேசத்துக்காரர், அவரை அவர்கள் முகம் பார்த்ததில்லை.

"டாக்டர், இப்ப ஒருத்தர் கூப்பிட்டாரே, யாரு அது? ஓவர்."

"என்னம்மா, விளையாடறீங்களா? உங்க வீட்டுக்காரர்தான். சாயங்காலமானா, நீங்க வர்றதுக்கு முன்னாடியே வந்துடறாரே! அவருக்குப் பேச்சு திரும்பினதுல எங்களுக்கெல்லாம் அவ்வளவு சந்தோஷம். ஓவர்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கணவரின் கால் தாளம் போடவில்லை. அவர் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை நாளாக நீர் கோத்து அலைபாய்ந்துகொண்டிருந்த கண்கள் இப்போது தெளிவாக, அசையாமல், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தன்னைப் பற்றிப் பேசுவதை ஒட்டுக்கேட்பவரின் கண்களைப் போல இருந்தன.

எவனோ அவருடைய பழைய பேச்சைப் பதிவு செய்து வைத்திருக்கிறான், இந்தக் காலத்தில் யார் குரலைத்தான் செய்ய முடியாது என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மறுநாள் அவனைப் பிடித்து நாக்கைப் பிடுங்கிக்கொள்வது போலக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். மறுநாள் சாயங்காலம், அவர் காதில் விழக் கூடாதென்று ஸ்பீக்கரை நிறுத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நாற்காலியை ஜன்னலோரம் தள்ளி, பிரேக்கை அழுத்திவிட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். வெளியே மழை. அறைக்குள் ஈரத் துணி வாசனையும் அவர் தோளில் தேய்த்த தைல வாசனையும் கலந்து கிடந்தன. இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போட எழவில்லை.

டயலை நகர்த்தினாள். இரைச்சல். வாத்து. இரைச்சல்.

செருமல்.

"குருவி… குருவி… கேக்குதா? ஓவர்."

"யாரு நீங்க? எதுக்கு இப்படிப் பண்றீங்க? மனுஷன் அசைய முடியாமக் கெடக்கறாரு. ஓவர்."

"கல்யாணமான புதுசுல நாம போன லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சே, ஞாபகம் இருக்கா? நீ பயந்து என் சட்டை பட்டனப் பிச்சுட்ட. நிறுத்தினதே நான்தான்டி. இத்தனை வருஷமா சொல்லல. ஓவர்."

அந்தப் பட்டன் விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில்லை.

"எங்கேருந்து பேசறீங்க?" ஓவர் சொல்ல மறந்துவிட்டாள்.

"தெரியல. ஒரே இருட்டு. சுத்தி இரைச்சல். ஆஸ்பத்திரில கண்ண மூடினேன், முழிச்சா இங்க இருக்கேன். கவனமாக் கேளு. நீ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது நான் இல்ல."

காதில் இருப்பது மழையா இரைச்சலா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை.

"எந்திரி. வெளிய போயிடு. செருப்புகூட வேணாம். திரும்பிப் பாக்காத."

பின்னால் 'டக்'கென்று ஒரு சத்தம்.

நாற்காலி பிரேக். வலப்பக்கத்து இரும்புப் பிடி. அதை அவள்தான் எடுத்துவிட வேண்டும். அவரால் முடியாது.

"குருவி? எந்திரிச்சிட்டியா?"

எழப் பார்த்தாள். அதற்குள் தரையில் சக்கரம் உருண்டது. நிதானமாக. தைல வாசனை நெருங்கியது. சக்கரம் நின்றது. நாற்காலி கிறீச்சிட்டது, அதிலிருந்து யாரோ எழுந்துகொள்வது போல.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை வந்தது.

வலது கை. தினமும் விரல் விரலாகப் பிரித்து அவள் கழுவிவிடும் கை. அது மவுஸின் மேலிருந்த அவள் கையை மூடியது. வெதுவெதுப்பாக இருந்தது. நடுக்கமே இல்லை. டயலை நகர்த்தியது.

"குருவி, ஓடு, ஓ…"

குரல் மெலிந்தது. வாத்தாகிக் கத்தியது. கத்திக்கொண்டே போனது. அந்தக் கை புரோகிராமை மூடியது. திரை வெறுமையானது.

ஹெட்போனைக் கழற்றினாள்.

இரைச்சல் நிற்கவில்லை.

ஸ்பீக்கர் அணைந்திருந்தது. மழை விட்டிருந்தது. சத்தம் தலைக்கு மேலே. வெகு அருகில். நிமிர்ந்து பார்த்தாள்.

அவர் முகம் அவள்மேல் கவிழ்ந்திருந்தது. வாய் அகலத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை. தொண்டையின் ஆழத்திலிருந்து அந்த இரைச்சல் வந்துகொண்டிருந்தது, பொங்கியும் வடிந்தும். அதற்கும் உள்ளே, எங்கோ தொலைவில், ஒருவர் அவளை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.