மாலாயி தோண்டிய குழிகள்

மாலாயி பத்தொன்பதாவது குழியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, மண்ணுக்குள்ளிருந்து மெல்லிய ஓர் ஒலி எழுந்தது. அடியுணர்வி அவளுடைய காலடியைப் பதிவு செய்துவிட்டது. அந்தக் கருவி இந்தச் சரிவுக்கும் வந்துவிட்டதை அவள் அறிந்திருக்கவில்லை.

ஓடுவதற்குக் கால் துடித்தது. கை மட்டும் வேலையை விடவில்லை. வள்ளிக்கிழங்கின் தலையைக் கொடியோடு அறுத்து, வெட்டிய குழியிலேயே நட்டு, மண்ணை மூடி அழுத்திய பிறகே எழுந்தாள். தலையை நடாமல் திரும்புவது அவள் குடியில் வழக்கமில்லை.

மனிதக் கால் படாமல் காட்டைக் காக்கும் திட்டம் தொடங்கி ஆறாண்டுகள் ஆகியிருந்தன. ஊசிப்பாறைக் குடியிருப்பின் பதினான்கு வீடுகளுக்கும் வாரந்தோறும் வான்கூடை பறந்து வந்து அரிசி, பருப்பு, சத்துமாவு ஆகியவற்றை இறக்கியது. ஈடாக, ஒருவரும் காட்டுக்குள் நுழையலாகாது. ஒருவர் மீறினாலும் ஊரே சமவெளிக் குடியிருப்புக்கு இறக்கப்படும். இவை யாவற்றையும் தீர்மானித்தது கானறிவி என்னும் இயந்திரமூளை.

மாலாயியின் மகள் செவந்திக்கு அப்போது ஒன்பதாம் மாதம். ஈராண்டுக்கு முன் முதற்கரு தங்கவில்லை. அப்போதிலிருந்தே சத்துமாவை விழுங்கினால் வாந்தி. சுட்ட கிழங்கு மட்டுமே வயிற்றில் நின்றது. அதனால்தான் இந்தத் திருட்டு.

“வா, மகராசி!” என்று வாசலிலேயே மறித்தாள் பக்கத்துவீட்டு அங்கம்மாள். “ஓங் கெழங்குக்கு நாங்களும்ல மூட்டையக் கட்டணும் போலருக்கு. நாளைக்கு ஆபீசர் வாராராம்!”

மாலாயி அன்று உட்காரவே இல்லை. அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்தாள். பிள்ளை இறங்கும் நேரத்தில் ஊர் பெயர்ந்தால் செவந்தி தாங்குவாளா?

மறுநாள் கள அலுவலர் ஜெயசீலன் வந்தார்.

“பத்தொம்பது குழி. நீங்கதானம்மா?”

“நாந்தான் சார். என்னைய மட்டும் கொண்டுபோங்க. புள்ளத்தாச்சிய விட்ருங்க.”

அவர் சிரித்தார். “உக்காருங்க மொதல்ல. காட்டுல கொடியெல்லாம் அழிஞ்சு, களைச்செடி மண்டிப்போச்சு. கரடிக்கும் பன்னிக்கும் இரை இல்ல. ஒங்க குழியச் சுத்தி மட்டும் கொடி படருது, கெளறுன மண்ணுல தண்ணி எறங்குது. நீங்க இல்லாமத்தான் காடு கெட்டுச்சுன்னு கானறிவி கண்டுபிடிச்சிருச்சு. இந்தக் குடியிருப்பையே காட்டோட ஆதார உயிரினம்னு அறிவிச்சிருக்கு. இனி ஒங்கள யாரும் எறக்க முடியாது. எங்க வேணும்னாலும் தோண்டலாம்.”

“என்னது, உயிரினமா? யானையாட்டமா சார்?” என்றாள் அங்கம்மாள்.

“யானைக்கும் மேலம்மா.”

“கேட்டியா மாலாயி? இனிமே தும்பிக்கைய ஆட்டிக்கிட்டு நட!”

ஊரே சிரித்தது. மாலாயி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பதினொரு நாள் கழித்து, காலையில் செவந்திக்கு வலி கண்டது. அழைத்தும் மருத்துவமனை வண்டி வரவில்லை. நால்வர் அவளைக் கட்டிலோடு தூக்கிச் சாலைக்கு இறங்கினார்கள். அங்கே என்றும் திறந்தே கிடந்த ஒளிவேலி, அன்று சிவந்து நின்றது.

“பாதுகாக்கப்பட்ட உயிரினங்களை வாழிடத்தின் எல்லை கடத்துதல் குற்றம்” என்றது வேலித்தூண்.

மாலாயி கைப்பேசியில் ஜெயசீலனை அழைத்தாள். “நானும் முட்டிக்கிட்டுத்தான்மா இருக்கேன். என் பேச்சக் கானறிவி கேக்க மாட்டேங்குது. ஆனா டாக்டர் ஒருத்தர அனுப்பிருக்காம். கொஞ்சம் பொறுங்க!”

செவந்தி தாயின் மணிக்கட்டை நெரித்தாள். அரைமணி நேரம் ஒரு யுகமாயிற்று. ஒருவாறு வேலி பச்சையாகி வழிவிட, வெள்ளை வண்டியொன்று உள்ளே வந்து நின்றது. அதன் பின்னாலேயே வேலி மீண்டும் சிவந்தது. மயக்க ஊசித் துப்பாக்கியும் கயிறுமாக இறங்கிய இளைஞர், கட்டிலைக் கண்டு திகைத்து நின்றார்.

“சினைன்னுதான் எனக்குத் தகவல் வந்துச்சு” என்றார் தடுமாறி. “அம்மா… நான் மிருக டாக்டரு.”

“எந்த உசுரா இருந்தாலும் வலி வலிதானப்பா. துப்பாக்கியப் போட்டுட்டு வா, புடி!” என்று மகளின் தலையை மடியில் ஏந்தினாள் மாலாயி.

அவர் குனிந்தார். வேலித்தூண் உரக்கப் பேசியது:

“குட்டி ஈனும் வேளை. அனைவரும் விலகி நில்லுங்கள். மனித வாடை பட்டால் தாய் குட்டியை ஏற்காது.”