வெறுங்கண்

கண்ணாடியைக் கழற்றினால் மூலையில் சிவப்பாக ஏதோ இருந்தது. போட்டால் இல்லை.

முதல் நாள் அவள் அதைத் துணி என்று நினைத்தாள். ஹோட்டல் சலவைப் பிரிவில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு வந்து, நாற்காலியில் சாய்ந்து, மூக்கின் இரு பக்கமும் பதிந்திருந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த மாலை நேரம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே, தரையோடு தரையாக, ஒரு சிவப்புத் தீற்றல். அவளுக்குப் பவர் மைனஸ் ஏழு. கண்ணாடி இல்லாவிட்டால் ஒரு சாணுக்கு அப்பால் எல்லாமே தண்ணீரில் கரைந்த சாயம்தான். எதையோ கீழே போட்டுவிட்டோம் என்று எழுந்தாள். கண்ணாடியைப் போட்டாள். அலமாரி. சுவர். நடுவில் வெறும் தரை.

கழற்றினாள். சிவப்பு இருந்தது.

அசைந்தது.

வாண்டு கடைசியாகப் போட்டிருந்தது சிவப்பு ஸ்வெட்டர்.

வாண்டு அவள் மகள். ஆறு வயது. மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் விடியலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய அவசரத்தில் கண்ணாடி தலைமாட்டிலேயே கிடந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நர்ஸ்கள் அவளைக் கட்டிலின் கால்மாட்டில் பிடித்து நிறுத்திவிட்டார்கள். சிவப்புக்கு மேலே ஒரு வெளிறிய வட்டம் அவள் பக்கம் திரும்பியது. அம்மா என்றது. அதோடு சரி.

அந்த வட்டத்தில் என்ன இருந்தது? பயமா? கோபமா? ஒருவேளை சிரித்தாளா? ஐந்தடி தூரம். அவளுக்குத் தெரியவில்லை. கணவன் அன்றைக்கு வெளியூர் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தான். நர்ஸ்களுக்கு ஞாபகம் இல்லை. கேட்க வேறு ஆள் கிடையாது. ஒன்றரை வருடமாக அந்தக் கேள்வி தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

இப்போது மூலையில் சிவப்பு.

ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கு வருவாள். கணவன் வர எட்டு ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் விளக்குப் போடாமல், கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு, மூலையைப் பார்த்து உட்கார்ந்தாள். முதலில் அது வெறும் தீற்றலாகத்தான் இருந்தது. மேலே எது, கீழே எது என்றுகூடத் தெரியவில்லை.

"வாண்டு, நீ இப்படியா உட்காருவ? முழங்காலைக் கட்டிக்கிட்டுல்ல உட்காருவ?"

இரண்டு நாள் கழித்து அது முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"தலைய ஒரு பக்கமா சாய்ப்ப. இடது பக்கம். மறந்துட்டியாடி?"

சாய்ந்தது.

"சிரிச்சா கையால வாயை மூடிப்ப. முன்பல்லு ரெண்டும் விழுந்துருச்சுல்ல, வெக்கம் உனக்கு."

அதற்கு ஒரு வாரம் ஆனது. பிறகு ஒரு மாலையில் வெளிறிய ஏதோ ஒன்று மெல்ல எழுந்து, வாய் இருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றது. அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். குழந்தைக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது.

கிட்டே மட்டும் அது வரவில்லை. அவள் எழுந்து போனால் அலமாரிப் பக்கமாகக் கரைந்துவிடும். கெஞ்சினாள். மிரட்டினாள். அந்த ஒரு சாண் தூரத்துக்குள், அவள் கண்ணுக்கு எதுவும் தெளிவாகத் தெரியக்கூடிய அந்த ஒரு சாணுக்குள், அது ஒரு நாளும் வந்ததில்லை. காண்டாக்ட் லென்ஸ் வாங்கிப் போட்டுப் பார்த்தாள். மூலை காலியாக இருந்தது. கழற்றினாள். இருந்தது. கண்ணுக்கும் அதற்கும் நடுவே எதுவும் இருக்கக்கூடாது. அவளுக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கணவனிடம் சொன்னாள். "என்னங்க, கண்ணுக்கு லேசர் பண்ணிக்கலாம்னு இருக்கேன்."

அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். பாதி நுரையோடு திரும்பினான். "திடீர்னு என்ன?"

"வேலை செய்யற இடத்துல ஒரே ஆவி. கண்ணாடி மூடிக்குது. போன வாரம் கையைச் சுட்டுக்கிட்டேன்."

"அப்ப இனிமே உன்னை சோடாபுட்டின்னு கூப்பிட முடியாதா? பத்து வருஷப் பழக்கம்டி."

"வேற பேரு வைங்க."

அவன் சிரித்தான். பிறகு சுவர்க் கண்ணாடிப் பக்கம் திரும்பி, வெகுநேரம் ஒரே கன்னத்தை மழித்தான். ஒன்றரை வருடத்தில் அவள் தனக்கென்று கேட்ட முதல் விஷயம் அது. அவன் தோள் குலுங்கியதை அவள் பார்த்தாள். பார்க்காத மாதிரி அடுப்படிக்குப் போனாள்.

கண் மருத்துவமனையில் எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள். முகவாயை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லிக் கருவிழியின் தடிமனை அளந்தார்கள். பவர் ஒரு வருடமாக மாறவில்லை என்பதைப் பழைய சீட்டுகளில் பார்த்தார்கள். கீழ் இமைக்குள் ஒரு காகிதப் பட்டையைச் செருகி, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஐந்து நிமிடம் கழித்து எடுத்தார்கள். காகிதம் நுனியில் மட்டும் ஈரமாக இருந்தது.

"கண்ணீர் ரொம்பக் கம்மியா இருக்கேம்மா," என்றாள் டாக்டர்.

"அழுது அழுது வத்திடுமா டாக்டர்?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படி வத்தாதும்மா. ஆனா இந்த நிலைமையில லேசர் பண்ணினா வறட்சி இன்னும் அதிகமாகும். மண்ணு விழுந்த மாதிரி உறுத்தும். மூணு மாசம் சொட்டு மருந்து போடுங்க. அப்புறம் பார்த்துட்டு சொல்றேன். அவசரப்பட வேண்டிய ஆபரேஷன் இல்ல இது."

மூன்று மாதம் போட்டாள். ஒரு வேளைகூடத் தவறவில்லை. மூலையில் இருந்ததிடம் நாள் கணக்குச் சொன்னாள். "இன்னும் நாப்பது நாள்டி. இன்னும் பத்து நாள்." அது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் சொல்லாமலே சாய்த்தது.

இரண்டாவது முறை காகிதம் பாதிக்கு மேல் நனைந்தது. டாக்டர் சரி என்றாள். கவுன்சலிங் பெண் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். ராத்திரியில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியலாம். சில மாதத்தில் போகும், சிலருக்குப் போகாது. கொஞ்சம் பவர் திரும்ப வரலாம். நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி வேண்டியிருக்கும், அதை லேசர் தடுக்காது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு, புரிந்ததா என்று கேட்டு, கையெழுத்து வாங்கினாள்.

"கடைசியா ஒண்ணு. செதுக்கின கருவிழி செதுக்கினதுதான். வேணாம்னு தோணினாலும் பழையபடி ஆக்க முடியாது. நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சுட்டேன்."

"எதுக்காகப் பண்ணிக்கிறீங்க? இதை எழுதணும்க்கா. சில பேரு இதுல கிடைக்காததை எதிர்பார்த்து வந்துடறாங்க. அப்புறம் மனசு உடைஞ்சு போறாங்க."

அவள் வாயைத் திறந்தாள். இந்தப் பெண்ணிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. கெட்டிக்காரப் பெண்ணாகத் தெரிந்தாள். கேட்டிருந்தால், படிவத்தை மூடி வைத்துவிட்டு, இப்ப வேணாம், அப்புறம் வாங்க அக்கா என்று சொல்லியிருப்பாள்.

"வேலைல ஆவி," என்றாள் அவள். "கண்ணாடி மூடிக்குது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

இரண்டு கண்ணுக்கும் சேர்த்துக் கால் மணி நேரம்தான் ஆனது. மரத்துப்போகச் சொட்டு மருந்து. இமை மூடாமல் இருக்க ஒரு கம்பி. கண்ணின் மேல் ஏதோ அழுந்தியதும் சில நொடி முழு இருட்டு. பிறகு மேலே ஒரு பச்சைப் புள்ளி, அதையே பாருங்கள் என்று டாக்டரின் குரல், டக்டக்டக் என்று ஒரு இயந்திரம், கூடவே முடி கருகும் வாடை. எரிவதெல்லாம் இல்லை, பயப்படாதீங்க என்றார்கள். அவள் அதற்குப் பயப்படவில்லை. எழுந்த பிறகு மூலை காலியாக இருந்துவிட்டால்? அதற்குத்தான் பயந்தாள். போய்விட்டால் என்ன செய்வது? இரண்டாம் முறையும் அவளே அல்லவா குழந்தையைத் தொலைத்ததாக ஆகும்?

கணவன் டாக்ஸியில் கூட்டிவந்தான். கண்ணின் மேல் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் மூடிகள், பிளாஸ்திரியால் ஒட்டியவை. மாலைவரை கண்ணை மூடியே இருக்க வேண்டும். தேய்க்கக்கூடாது. தலைக்குத் தண்ணீர் கூடாது. அவன் அவளைப் படுக்கவைத்து, ஜன்னலுக்குத் திரை இழுத்துவிட்டு, பக்கத்து அறையில் குறட்டை விட ஆரம்பித்தான்.

அவள் மல்லாந்து கிடந்தாள். மூடிய இமைக்குள் மணல் அரைத்தது. மூக்கோரமாக வழிந்த கண்ணீரைத் துடைக்கக்கூடப் பயமாக இருந்தது. எங்கோ ஒரு குழாய் சொட்டுவதும், தெருவில் ஒரு வண்டி பின்னோக்கி வருவதும், சுவருக்கு அப்பால் அவனுடைய குறட்டை ஏறி இறங்குவதும் கேட்டது. அந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுக் கேட்டால் மட்டும் கேட்கிற மாதிரி, இன்னொரு மூச்சு.

கூடத்தில் இருந்தது. அப்புறம் வாசற்படியில். அப்புறம் அறைக்குள்.

"வாண்டு?"

நின்றது.

ஈரத்தோடு மடித்து வைத்துவிட்ட கம்பளியின் வாடை. சலவைக்காரிக்குத் தெரியாத வாடை இல்லை அது. கட்டிலின் ஓரம் தாழ்ந்தது. சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு முட்டியது. முதல் முறையாகக் கிட்டே வந்திருக்கிறாள். கை நீட்டினால் தொடலாம்.

கட்டில் மேலும் தாழ்ந்தது.

பிறகு இன்னும்.

அவள் உடம்பு அந்தப் பக்கமாகச் சரிந்தது. விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கணவன் உட்கார்ந்தால்கூடக் கட்டில் இவ்வளவு தாழாது. வாண்டு பதினெட்டுக் கிலோ. கடைசியாக ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தது பதினாறு.

நீட்டிய கையை அவள் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மூடிகளை எடுத்தார்கள். சுவரில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரிவரை படித்தாள். டாக்டர் கைகொடுத்தாள். வெளியே வந்ததும் கணவன் விரலை நீட்டி, "அந்த போர்டுல என்ன போட்டிருக்கு?" என்றான். படித்தாள். "அங்க?" படித்தாள். மரத்தில் தனித்தனி இலை. அவன் முகத்தில் இரண்டு நாள் தாடிக்கு நடுவே அவளுக்குத் தெரியாமல் வந்திருந்த நரை. "எனக்கு வயசாயிருச்சுன்னு சொல்லிடாதே," என்றான். கண் கலங்கியிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழவேண்டும் போலிருந்தது. அடுத்த போர்டைப் படித்தாள்.

மாலை சொட்டு மருந்து வாங்க அவனைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு புட்டி மீதி இருந்தது. அதை மறைத்துவைத்திருந்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். முகத்தில் கண்ணாடியின் கனம் இல்லை. ஜன்னலில் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருந்தது. கட்டில் எப்படித் தாழ்ந்தது என்பதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். குழந்தையின் முகத்தை ஒரே ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். கோபமாக இருந்தாலும் சரி.

குனிந்திருந்த தலையை நிமிர்த்தினாள்.

அலமாரி. அதன் கைப்பிடியில் கீறல். சுவர். சுவரில் மெல்லிய விரிசல்.

நடுவில் அது இருந்தது.

முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தது. முழங்கால்கள் அதன் காதுகளுக்கு மேலே இருந்தன. குழந்தை உயரத்துக்குக் குறைய, உடம்பை அங்கங்கே மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே செருகி வைத்திருந்தது. அதன் மேல் இருந்தது ஸ்வெட்டர் இல்லை. துணியே இல்லை.

தலையை இடது பக்கம் சாய்த்தது. சரியாக, அவள் சொல்லிக்கொடுத்த அளவுக்கு.

கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டது. விரல்கள் கன்னத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, பிடரிக்குப் போயின.

விரல்களுக்கு மேலே இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. ஆவலோடு. பாடம் ஒப்பித்துவிட்டு, சரியா என்று பார்க்கிற மாதிரி.

அவளுக்குக் கத்த வரவில்லை. வேறொன்றுதான் புரிந்தது. அப்படியானால் வாண்டு வரவில்லை. இத்தனை மாலைகளில், ஒரு நாள்கூட. சொன்ன கதைகள், கொஞ்சின கொஞ்சல்கள், மன்னிச்சுக்கோடி என்று அழுத அழுகை. ஒன்றுகூட வாண்டுக்குப் போய்ச் சேரவில்லை.

"என் பொண்ணு எங்க?" என்றாள்.

அது யோசித்தது. அவள் சொல்லிக்கொடுத்ததில் இதற்குப் பதில் இல்லை.

கண்ணை மூடினாள். இமைக்குள் மணல் அரைத்தது. திறந்தாள். துல்லியமாக இருந்தது. ஒவ்வொரு மடிப்பும்.

மாடிப்படியில் கணவனின் செருப்புச் சத்தம். ஏதோ ஒரு பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு வந்தான்.

அது சத்தம் வந்த பக்கம் பார்த்தது. பிறகு அவளைப் பார்த்தது. அவளுக்குத் தெரிகிறது என்பது அதற்குப் புரிந்துவிட்டது. இனி சின்னதாக இருக்கவேண்டியதில்லை.

ஒரு மடிப்புப் பிரிந்தது. இன்னொன்று. வாயிலிருந்து கையை எடுக்காமலே, அலமாரிக்கு மேலே, ஜன்னலுக்கு மேலே, அது எழுந்திருக்கத் தொடங்கியது. தலை கூரையில் தட்டிய பிறகும் நிற்கவில்லை. கூரையோடு வளைந்து, அவள் இருந்த பக்கமாக, எழுந்துகொண்டே இருந்தது.