207-ஆம் அறை மறைத்த கட்டி

டிரிங்... டிரிங்...

மகிழினி இன்டர்காமை எடுத்தாள். திருவொற்றியூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. நோயாளிகளின் ஃபைலைப் படித்து நோய்க்கு உரிய 'கோடு', அதாவது குறியீட்டு எண், போடுவது அவள் வேலை.

கர்ச்சீஃபால் வாயைப் பொத்திக்கொண்டு பேசுவது போல் ஓர் ஆண் குரல்.

"தங்கபுஷ்பம் ஃபைலக் கிண்டுன... வீடு போய்ச் சேர மாட்ட."

"யாரு நைனா நீ?"

லைன் கட்!

மிரட்டுகிற ஆள் ஆஸ்பத்திரி இன்டர்காமிலா மிரட்டுவான்? திரையில் அறை எண் பளிச்சென்று நின்றது. 207. தங்கபுஷ்பத்தின் அறையேதான்!

மகிழினிக்குப் பயம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது.

போன மாதம் அந்த ஃபைலுக்கு 'நுரையீரல் புற்றுநோய், சி-34' என்று போட்டவள் அவளேதான். ஒரு நாளைக்கு இத்தனை ஃபைல் என்ற டார்கெட் அவசரம். முதல் பக்கத்தோடு மூடிவிட்டாள். கடைசியில் செருகியிருந்த பயாப்ஸி ரிப்போர்ட்டை இன்று காலைதான் புரட்டினாள்.

'மார்பகச் செல்கள் போல் உள்ளன. பழைய மார்பக நோய் உண்டா என விசாரிக்கவும்.'

நோய் பிறந்த இடத்துக்கு ஒரு கோடு. பரவிய இடத்துக்கு வேறு கோடு. 207-இல் விசாரிக்கச் சொல்லி நர்ஸை அனுப்பினாள்; பதிலாக வந்தது இந்த மிரட்டல். டாக்டரிடம் ஓடினாள்.

"நானும் கேட்டேம்மா. அப்படி எதுவும் இல்லேன்னுட்டாங்க. மூணு மணிக்கு மருந்து ஏத்தணும். ஆதாரம் இருந்தா கொண்டா."

நுரையீரலுக்கான மருந்து... தப்பான மருந்து!

மணி இரண்டரை. மகிழினி 207-க்குள் நுழைந்தாள். காலடிப்பேட்டை மளிகை மொத்த வியாபாரி எபினேசர் கர்ச்சீஃபும் கையுமாக நின்றார். கட்டிலில் அவர் மனைவி தங்கபுஷ்பம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இன்னா அண்ணாச்சி, மெரட்னது நீங்கதானா?"

அவர் கர்ச்சீஃபைப் பைக்குள் திணித்தார்.

"மொதல்ல தப்பு பண்ணது நான். பக்கத்தத் திருப்பாம கோடு போட்டுட்டேன். அசிங்கமா கீது. நீங்களும் இன்னா மறைக்கிறீங்கன்னு சொல்லிட்டா, அம்மா பொழச்சிக்கும்."

எபினேசரின் குரல் உடைந்தது.

"ஆறு வருசம் முந்தி... மார்ல கட்டி. நாகர்கோவில்ல வச்சு ஆப்பரேசன் பண்ணோம். அப்பதான் மக ஜெனிக்கு எர்ணாவூர்ல சம்பந்தம் பேசுதோம். குடும்பத்துல இந்த நோய்னா எவன் கட்டுவான்? யாருட்டயும் சொல்லல."

"இப்ப சொன்னா சம்பந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சிரும்," என்றாள் தங்கபுஷ்பம். "மானம் போயிரும். அதுக்கு நான் செத்தே போறேன் புள்ள."

கதவுப் பக்கம் செருமல் கேட்டது.

கஞ்சி ஃபிளாஸ்க்கோடு ஐரீன்... ஜெனியின் மாமியார்! எல்லாம் கேட்டிருந்தாள்.

எபினேசர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

ஐரீன் அவருக்கு முதுகைக் காட்டிக் கட்டிலில் உட்கார்ந்தாள். தங்கபுஷ்பத்தின் கையை எடுத்துத் தன் இடது மார்பில் வைத்தாள்.

"வெறும் பஞ்சு, மைனி. இதே நோய்ல எடுத்துப் பத்து வருசமாச்சு. தெரிஞ்சா பொண்ணு தரமாட்டீகன்னு நாங்களும் வாயத் தொறக்கல."

தங்கபுஷ்பம் அழுதுகொண்டே தலையணை பக்கம் கைகாட்டினாள். பைபிள் உறைக்குள் இருந்தது நாகர்கோவில் ரிப்போர்ட்!

மகிழினி டாக்டருக்கு போன் போட்டாள்.

"மருந்த நிறுத்துங்க சார். மார்புதான் மொதல்ல, சி-50. நுரையீரல் பரவுனது, சி-78. ஆதாரம் கைல கீது."

வாசலில் நின்று திரும்பினாள்.

"ஜெனி ஜோடிய வுடுங்க அண்ணாச்சி... சம்பந்தியம்மாங்க ரெண்டு பேருக்கும்தான் பத்துப் பொருத்தமும் கீது!"