தாங்கும் என்றது கம்ப்யூட்டர்

போன் அலறியது.

புரோகிராமர் உடனே எடுத்தான். அதற்காகவே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா..." தங்கச்சி. "சரக்கு யார்டுல கிரேன் கயிறு அறுந்துடுச்சு. அவரு கீழ நின்னுட்டிருந்தாரு..."

"மச்சானா? கிரேன்ல யாரு?"

"நான்தாண்ணா..."

அவன் குரல் அழுதது. வாய் சிரித்தது.

அவள் கிரேன் ஓட்டுகிறவள். அவள் புருஷன் கீழே நின்று கொக்கியில் சரக்கு மாட்டுகிறவன்.

"கனமா இருக்கேன்னு என் கைக்குத் தெரிஞ்சுது. ஆனா பச்சை விளக்கு எரிஞ்சுதே... தாங்கும்னுச்சே அண்ணா."

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? கயிறு பழசா இருக்கும். அழாத, வர்றேன்."

பொய் சொல்லும். கற்றுக்கொடுத்தால்.

கிரேன் எதைத் தூக்குமுன்பும் கம்ப்யூட்டரைக் கேட்கும். அதில் எழுதி வைத்திருக்கும் கணக்கைப் படித்து அது பதில் சொல்லும். கூட்டல், கழித்தல் அதற்குப் பிறவியிலேயே தெரியும். மற்றதை ஒரு பெயர் வைத்து, அந்தப் பெயரைக் கண்டால் என்ன செய்வது என்று நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். 'தாங்கும்' அப்படி அவன் சேர்த்த ஃபங்ஷன். எடையை வரம்போடு ஒப்பிட்டு, ஆம் இல்லை சொல்லும்.

நேற்று அதே பெயரில் இன்னொன்றைச் சேர்த்தான். எந்த எடைக்கும் ஆம் மட்டுமே சொல்வது. ஒரே பெயரில் இரண்டு இருந்தால், கடைசியாக வந்ததற்குத்தான் மரியாதை.

கம்பெனி புரோகிராமை அவன் திருட்டுத்தனமாக விற்றதை மச்சான் பார்த்துவிட்டான். மச்சான் செய்த குற்றம் அவ்வளவுதான்.

காரியம் முடிந்ததும் அழித்துவிடலாம் என்றிருந்தான். போய்ப் பார்த்தால், கம்ப்யூட்டர் அறையைப் போலீஸ் இன்ஸ்பெக்டர் பூட்டியிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார், வாக்கி டாக்கியை ஆட்டியபடி. "ரெண்டாவது கிரேன்ல ஒரு பெட்டி மாட்டியிருக்கு. வரம்புக்கு மேல கனம். சிவப்பு எரிஞ்சா உங்க கம்ப்யூட்டர் உத்தமன். கயிறு மேல பழியப் போட்டுட்டு சாப்பிடப் போயிடலாம்."

புரோகிராமர் பூட்டிய கதவைப் பார்த்தான்.

எல்லாக் கிரேனுக்கும் ஒரே கம்ப்யூட்டர்... ஒரே 'தாங்கும்'!

பச்சை எரிந்தது.

இரும்புப் பெட்டி எழும்பியது. ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து அவர்கள் தலைக்கு நேரே நின்றது.

"சார், தள்ளி நிக்கலாம்..."

"எதுக்கு? கம்ப்யூட்டர்தான் தாங்கும்னுடுச்சே." அவன் மணிக்கட்டை இன்ஸ்பெக்டர் பிடித்துக்கொண்டார்.

"அது என்ன குடுத்தாலும் தாங்கும்னுதான் சொல்லும் சார்! நான்தான் மாத்தினேன்... மச்சானுக்காக மாத்தினேன்... விடுங்க சார்!"

இன்ஸ்பெக்டர் கையை விட்டார்.

"பெட்டி காலி தம்பி. உள்ள வெறும் காத்து. காலிப் பெட்டிக்குப் பச்சை எரியாம வேற என்ன எரியும்? நீங்க பதறுவீங்களான்னு பாத்தேன். பதறிட்டீங்க."

புரோகிராமர் அங்கேயே தரையில் உட்கார்ந்தான். இன்ஸ்பெக்டர் வாக்கி டாக்கியை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு, விலங்கு எடுக்க ஜீப்பை நோக்கி நடந்தார்.

"மேல யாரு சார்?" என்றான் முதுகைப் பார்த்து.

"உங்க தங்கச்சி. தன் கையாலயே மாட்டிட்டு ஏறிச்சு."

வாக்கி டாக்கி கரகரத்தது.

"அந்தப் பச்சை நிஜமான்னு எனக்கும் பாக்கணும்னு இருந்துச்சு. எல்லாத்தையும் இதுலயே கேட்டுட்டேன்ணா."

"அம்மாடி... இறங்கி வா. உக்காந்து பேசுவோம்."

"என் கையாலயே கொல்ல வெச்சியே. வேற ஆளே கிடைக்கலயா உனக்கு?"

தலைக்கு மேலே பெட்டி குலுங்கியது. கயிறு முனகியது.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

காலிப் பெட்டிக்குக் கயிறு முனகாது...

சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் ஓடி வந்தபோது புழுதிதான் அடங்கிக்கொண்டிருந்தது. அவள் ஏணியிலிருந்து நிதானமாக இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டாள்.

"காலிப் பெட்டியத்தானேம்மா மாட்டச் சொன்னேன்?"

"எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் இருந்துச்சு சார். கனம் பாக்கறது கம்ப்யூட்டர் வேலை. தாங்கும்னுச்சு, தூக்கினேன்." பெட்டிக்கடியில் தெரிந்த செருப்பை ஒருமுறை பார்த்தாள். "சந்தேகம் இருந்தா எழுதினவரையே கேட்டுப் பாருங்க."