கெசையாவின் சாட்சியம்

காலை பத்து மணிக்கு விசாரணை. எங்கள் சந்திலிருந்து பதினோரு பெண்கள், துணி வெளுத்த கை காய்வதற்குள் தேவாலயக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். லண்டனில் அது ஆகஸ்ட் மாதம். ஜன்னல்களைச் சாத்தியிருந்தும் ஆற்றின் வாடை உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது.

தண்ணீர்க் கம்பெனி மேல் கொடுத்த மனுவில், எழுதத் தெரியாமல் கையெழுத்துக்குப் பதில் சிலுவைக் குறி போட்டவர்கள் பன்னிரண்டு பேர். முதல் குறி கெசையா பிராண்ட்ரெத்துடையது. என் அடுத்த வீட்டுக்காரி. மனுவை எழுதவைத்து வீடு வீடாக அலைந்தவள் அவள்தான். ஒன்பது நாளைக்கு முன்பு காலையில் துவைத்துக்கொண்டிருந்தவளை, மறுநாள் காலை சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். காலரா. அந்த மாதம் எங்கள் சந்தில் மட்டும் பத்தொன்பது சாவு. அதில் இரண்டு என் பிள்ளைகள்.

ஆற்றில் கடல்நீர் ஏறி இறங்கும் எல்லைக்கு மேலே போய்த்தான் குடிதண்ணீர் எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. எடுக்கும் இடத்தை மாற்றிவிட்டோம் என்று கம்பெனி சத்தியம் செய்தது. எங்கள் குழாயில் மயிரும் புழுவும்தான் வந்தன.

கம்பெனி வக்கீல் எழுந்தார். முதல் மனுதாரர் நேரில் வராவிட்டால் மனு செல்லாது என்றார். விசாரணைத் தலைவர் தலையாட்டினார். குமாஸ்தா ஓக்லி பேனாவை மையில் தோய்த்தார்.

நான் எழுந்தேன்.

“பேரைக் கூப்பிடாமயே வரலைன்னு எப்படி எழுதுவீங்க? கூப்பிடுங்க.”

“செத்தவ எப்படிம்மா வருவா?” என்று வக்கீல் சிரித்தார்.

“கொல்லும்போது வராத கூச்சம், கூப்பிடும்போது எதுக்கு?”

தலைவர் எரிச்சலோடு கையசைத்தார். ஓக்லி கூப்பிட்டார். கெசையா பிராண்ட்ரெத். இரண்டாம் முறை, பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

மூன்றாம் முறை.

“இருக்கேன்.”

வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு பேசுவது போன்ற குரல். அவள் குரல்தான்.

சாட்சிக் கூண்டில் யாரும் இல்லை.

ஆனால் அதன் பலகையில் இரண்டு பாத அளவுக்கு ஈரம் ஊறிப் பரவியது. வற்றிய ஆற்றின் சேற்று நாற்றம் குப்பென்று எழுந்தது. என் பக்கத்தில் இருந்தவள் என் கையை நகம் பதியப் பிடித்தாள். வக்கீல் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

ஓக்லி இருபது வருஷமாகக் காதில் விழுந்ததை எழுதிப் பழகியவர். முகம் வெளுத்துப்போய், எழுதிக்கொண்டே கேட்டார், தண்ணீர் எங்கிருந்து வருகிறதென்று.

“குழாய் வழியாவே நடந்து போய்ப் பார்த்தேன் ஐயா. தோல் கிடங்குச் சாக்கடை விழுற படித்துறை. மூணாவது தூணுக்கு அடியில குழாய் வாய் இன்னும் தொறந்துதான் கெடக்கு.”

அவ்வளவுதான்.

மறுநாள் கடல்நீர் இறங்கி ஆறு வடிந்த நேரத்தில் ஆள் அனுப்பிப் பார்த்தார்கள். சொன்ன இடத்தில், சொன்னபடியே இருந்தது. ஆறு மாதத்துக்குள் அடைக்க வேண்டும் என்று உத்தரவானது. கம்பெனி மேல்முறையீடு போட்டுவிட்டு, அதே தண்ணீரைத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. நாங்கள் தினமும் முறை வைத்துப் படித்துறையில் போய் நின்றோம். காவலர்கள் விரட்டினால் மறுபடி வந்து நின்றோம்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் எங்கள் சந்துக் குழாயில் தண்ணீர் நின்றுபோனது.

ஆற்றுக்கு அடியில், குழாய் வாயின் இரும்புக் கதவு யாரும் தொடாமலே சாத்தியிருந்தது. அதைத் திறக்கக் கம்பெனி ஆட்கள் எட்டுப் பேர் நெம்புகோலில் தொங்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. கடைசியில் முக்குளிப்பவன் ஒருவனை இறக்கினார்கள். நாங்கள் படிக்கட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து நிமிடத்தில் கயிற்றை இழுத்து மேலே வந்தான். தலைக்கவசத்தைக் கழற்றியதும், இனி இறங்கமாட்டேன், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். மேஸ்திரி காரணம் கேட்டார்.

“கதவைத் தள்ளினேன்,” என்றான். “உள்ளேயிருந்து திருப்பித் தள்ளுறாங்க.”